இடம் வருதல்

வட்டம் எண்பத்து மூன்று கிலோமீட்டர்.
யெஸ்டின் வலம் போவான், நான் இடம்.
காலை ஏழு மணிக்கு மீட்புப் படகுக் கொட்டகை முன்
முதுகுக்கு முதுகு காட்டிக் கிளம்புவோம்.
வீட்டைப் பிரித்த நாளில்
வக்கீல் கேட்க மறந்த ஒரே கேள்வி இது:
யாருக்கு எந்தத் திசை.

ஆண்டுக்கு ஒருமுறை, மே மாத முதல் ஞாயிறு,
பதினோரு வருடமாய்.
எதிர்ப்படும் இடம்தான் தீர்ப்பு.
என் முழங்கால் வீங்கிய வருடம்
சேப்பலைத் தாண்டி என் பாதிக்குள்
ஆறு கிலோமீட்டர் வந்துவிட்டிருந்தான்,
விசிலடித்துக்கொண்டு.
அவன் மழையில் டியூப் மாற்றிய வருடம்
பெட்ரோல் பங்க் வரை போய்ப் பிடித்தேன்.
நிற்பதில்லை. கைப்பிடியிலிருந்து ஒரு விரல் எழும்.
அவ்வளவுதான் பேச்சு.

கடல் என் வலப்பக்கம், இருநூறடி கீழே.
வெல்ஷில் ஏற்றத்துக்கு ‘ரிவ்’ என்று பெயர்.
ஓரசைச் சொல்.
அதற்கு மேல் சொல்ல மூச்சு மிஞ்சாதென்று
ஏறித் தெரிந்தவர்கள் வைத்தது.
இந்தக் கரையில் ஏழு ரிவ்.
ஒவ்வொரு குடாவுக்கும் தலைகுப்புற இறங்கி
உப்புத் தண்ணீரைத் தொடாமல் திரும்பி ஏறணும்.
சம்பாதித்த உயரத்தையெல்லாம்
ஒரு சின்னப் பாலத்தடியில் கொட்டிவிட்டு
மறுபடி கடனுக்கு வாங்குகிற மாதிரி.

மூன்றாவதில் பலகை: இருபத்தைந்து சதவீதம்.
சங்கிலி கடைசிப் பல்லில்.
விரல் இன்னும் தட்டிப் பார்க்கிறது,
இல்லாத கியர் ஒன்று இருந்துவிடாதா என்று.
முன்சக்கரம் முரட்டுக் குதிரையாய்த் தலை தூக்க
வேலியோரம் மஞ்சள் கோர்ஸ் பூ
தேங்காய் துருவிய வாசம் விடுகிறது,
காலி வயிற்றைப் பார்த்துத்தான் பூக்கும் போல.
சிவப்பு அலகுக் காகம் ஒன்று
என் கண் மட்டத்தில், காற்றில் சாய்ந்து,
இறக்கை அசைக்காமல்
என்னைவிட வேகமாக நிற்கிறது.

தெற்கு முனையில் திரும்பினால்
வேல்ஸ் உள்ளே மடிகிறது.
ஆளுயர மண்வேலிகளுக்கு நடுவே சந்து;
உருளைக்கிழங்கும் பார்லியும்
ஏறி, இறங்கி, ஏறி.
மேடென்று யாரும் பெயர் வைக்காத மேடுகள்,
தொடை மட்டும் குறித்துக்கொள்ளும் கணக்கு.
மீட்டரில் நாற்பது. நாற்பத்தொன்று.
இன்னும் விரல் எதுவும் வரவில்லை.
இது என் வருடம் என்று நினைத்த நொடி
வளைவு, பிரேக்.

மாடுகள்.
நெஸ்டாவின் எண்பது கறுப்பு வெள்ளை
பால் கறந்து முடித்து மேய்ச்சலுக்கு,
சந்து முழுக்க, வேலிக்கு வேலி,
அவசரமே இல்லாமல்.
கொம்பில்லாத அந்த முதுகுகளுக்கு அப்பால்
ஒரு சிவப்பு ஹெல்மெட்.

“எத்தனை?” என்று கத்தினான்.
“நாற்பத்தொன்று புள்ளி நாலு எட்டு. உனக்கு?”
“அதேதான்.”
கூட்டிப் பார்த்தேன்:
எண்பத்து மூன்றுக்கு நாற்பது மீட்டர் குறைவு.
அந்த நாற்பது மீட்டர் நெஸ்டாவுக்கு.
அவள் குவாட் பைக்கில் இருந்தபடி
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து
“ஹெலெத், உங்கள் ரெண்டு பேருக்கும்
வேறு வேலையே இல்லையா?” என்றாள்.

வயல் கதவு சாத்தியது. தார் மேல் பச்சைச் சாணி.
டயர் வழுக்கும், தள்ளிக்கொண்டுதான் கடக்கணும்.
நடுவில் எங்கோ, சைக்கிள்கள் உரசாமல் விலகும்போது,
“உன் பக்கம் காற்று எப்படி?” என்றான்.
பதினோரு வருடத்தில்
கத்தாமல் சொன்ன முதல் வாக்கியம்.
“முகத்தில்தான்.”
“எனக்கும்.”
இருவரும் தெற்கே வந்தவர்கள்.
இனி இருவருக்கும் வடக்கு.
ஆளுக்கொரு கரையாய்ப் போனாலும்
அதே காற்று, இரண்டு முதுகிலும்.

க்ளீட்டில் சாணி அடைத்து
வலது ஷூ பெடலில் மாட்டவே இல்லை.
முதல் வளைவு வரை ஒற்றைக் காலால் மிதித்தேன்.
பின்னால் அவனும்
அதே காரணத்துக்காகத் திட்டுவது கேட்டது.