மூடி போட்ட தொட்டி

தொலைபேசியை எடுத்தால் முதலில் மூச்சு மட்டும் வரும்.
அவசரப்படுத்த மாட்டோம்.
இன்வர்கெல்டி துறைமுகத்தில்
மீன் புகைக்கும் கொட்டகைக்கு மேல் எங்கள் அறை.
இரண்டு மேசை, ஒரு கெட்டில்,
மேற்கே ஸ்காட்லாந்து முழுவதும், கிழக்கே தண்ணீர்.
சுவரில் ஊரின் வரைபடம்:
திறந்திருக்கும் கழிப்பறைக்குப் பச்சைக் குண்டூசி,
நகராட்சி பூட்டிவிட்டதற்குச் சிவப்பு.
சிவப்பு தீர்ந்துபோய்
போன மாதம் இன்னொரு டப்பா வாங்கினோம்.

பெண்கள் சிநேகிதிக்காகக் கேட்பார்கள்.
சிநேகிதிக்கு மூன்று பிரசவம்.
தேவாலயப் பாடற்குழுவில் உச்சஸ்தாயி வந்தால்
சிநேகிதி வாயை மட்டும் அசைக்கிறாள்.
இருமல் மாத்திரை எப்போதும் கையில்,
இருமலுக்குப் பயந்து.
எஃபி கடைசிவரை
"அவங்க, அவங்க" என்றே பேசுவாள்.
எந்த அளவு, எந்தத் தாதி, எந்தக் கிழமை என்று சொல்வாள்.
அடிவயிற்றுத் தசையை இழுத்துப் பிடிக்கிற பயிற்சியை
பஸ்ஸுக்கு நிற்கும்போதே செய்யலாம்,
வரிசையில் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள் என்பாள்.
மறுமுனையில் யாரோ சிரிப்பார்கள்,
பிறகு "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க."

ஆண்கள் நண்பனுக்காகக்கூடக் கேட்பதில்லை.

செவ்வாய்தோறும் நாலு மணிக்கு ஒரு மூச்சு.
பதினோராவது செவ்வாய் அதற்குப் பெயர் வந்தது:
இன்னஸ் கார்கில்.
நாற்பது வருஷம் நண்டுக்கூண்டு இறக்கியவர்.
வடகடல் கழுத்துவரை நனைத்தபோது
அதை வேலை என்று நினைத்தவர்.
ப்ராஸ்டேட்டை எடுத்த பிறகு
ஒரு தேக்கரண்டி ஈரத்துக்கு
சனிக்கிழமைப் பந்தாட்டத்தை விட்டுவிட்டார்.

"பேடை மாத்திடலாம்.
மாத்தினதை எங்க போடறது?"

இதைக் கேட்கத்தான் பதினோரு வாரம்.

பெண்கள் பக்கம் கதவுக்குக் கதவு தொட்டி இருக்கிறது.
ஆண்கள் பக்கம் ஒரு சுவர், ஒரு வாய்க்கால்,
ஒரு அறை. அதற்கும் தாழ்ப்பாள் சரியில்லை.
சுருட்டிக் கோட்டுப்பையில் வைத்துக்கொண்டு
இரண்டாம் பாதி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.
பக்கத்து இருக்கை டூகி மூக்கை உறிஞ்சி,
"பூனை ஏதாவது வந்ததா?" என்றானாம்.
"நானும் சிரிச்சேன்" என்றார்.
எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்கவில்லை.

அடக்க முடியாத ஒன்றைக் காட்டியே
ஒரு மனுஷனை வீட்டுக்குள் அடக்கிவிடலாம்.
காவல்கூட வேண்டாம்.

மைதானத்துச் செயலாளர் பெட்ரி
கடிதம் மூன்றையும் படித்திருந்தார்.
"எங்க ரசிகர்கள்ல அப்படி யாரும் இல்லையே."
"இல்லைதான்," என்றேன். "வர்றதை நிறுத்திட்டாங்க."
அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.
ஒரு தொட்டி என்ன விலை என்று கேட்டார்.
மூலைக்கொடி நாலு வாங்குகிற காசுதான்.
பேசாமல் கையெழுத்துப் போட்டார்.
எத்தனை தொட்டி என்று நான் சொல்வதற்கு முன்பே
மூன்று என்று எழுதியிருந்தார்.

முதல் சனிக்கிழமை
துப்புரவு செய்கிற போஷெனா திறந்து பார்த்தாள்:
ஒரு சூயிங்கம் தாள்,
யாரோ தின்ற இறைச்சிப் பையின் தகரத்தட்டு.
"வெச்சது வீண்" என்றாள்.
இரண்டாம் சனி, ஒன்று.
ஒழுங்காக, கப்பல் கயிறு மாதிரி சுருட்டப்பட்டு.
மூன்றாம் சனி மழை, ஆட்டம் இல்லை.
நாலாம் சனி ராத்திரி அவளே போன் செய்தாள்,
நாங்கள் மூடும் நேரத்தில், மூச்சு வாங்க:
"ஏழு."

ஒன்றை இன்னஸ் கணக்கில் எழுதினால்
மீதி ஆறு பேர் யார்?
எனக்குப் பந்தாட்டம் புரியாது.
ஆனாலும் இப்போதெல்லாம் போகிறேன்.
முட்டுக்கட்டை போட்ட மரப்படியில் நின்று
பந்துக்கு முதுகு காட்டி
கூட்டத்தைப் பார்க்கிறேன்.
கோல் விழுந்தால் எல்லோரும் துள்ளி எழுகிறார்கள்.
அங்கங்கே சிலர்
அரைக்கணம் பிந்தி,
கோட்டை ஒருமுறை இழுத்துவிட்டு.

பெட்ரி எழுவதே இல்லை.
உட்கார்ந்தபடியே கைதட்டுவார்.
முதுகுவலியாகவும் இருக்கலாம்.