புள்ளி விழும் இடம்

பழைய விசைப்பலகையில் முதலில் செத்தது
வலப்பக்கத்து அரைப்புள்ளி விசை.
பாமினியில் அதுதான் மெய்யெழுத்தின் புள்ளி,
என் சின்னவிரல் நாளுக்கு நாலாயிரம் தடவை
போய்வருகிற இடம்.

போன மாதம் சுன்னாகத்துக் காணி ஒன்றின்
நன்கொடை உறுதியில்
"வடககு எலலை ஒழுஙகை" என்று விழுந்திருந்தது.
எமல்டா மிஸ் கண்ணாடியைக் கழற்றினா.
"பிள்ளை, புள்ளி இல்லாட்டி எல்லை நிக்காது.
நாளைக்கு வழக்கெண்டு வந்தால்
அந்த ஒழுங்கையை ஆர் கண்டது?"

சீட்டெடுத்த காசு முப்பத்தெட்டாயிரம்
கைப்பையின் உள் சிப்புக்குள்.
கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளைத் தாண்டி
மாடியேறினால் துவாரகனின் கடை.

முதலில் நீலத்தை எடுத்து வைத்தான்.
தட்டினேன்.
தகரத்தில் ஆலங்கட்டி.
எங்கள் அறை பத்துக்குப் பத்து.
நான் தட்டுகிற மேசைக்கும்
ஆட்கள் அழுகிற கதிரைக்கும் நடுவில்
ஒரு கோப்பு அலுமாரிதான்.
பங்கு பிரிக்க வந்த மூன்று சகோதரங்களில்
இளையவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்;
என் விரல்கள் போட்ட சத்தத்தில்
அதை விழுங்கிக்கொண்டு
எங்கே கையெழுத்து என்று கேட்டார்.
நீலம் வேண்டாம்.

சிவப்பு, வெயிலில் வைத்த பட்டர்.
யோசிக்க வைத்த விரலுக்கே எழுத்து விழுகிறது.
நாலு பரப்பு எட்டுக் குழி
நாலு பரப்பு எண்பத்தெட்டுக் குழியாகிவிடும்,
பக்கத்துக் காணிக்காரர் கத்தியோடு வருவார்.

மூன்றாவது மண்ணிறம்.
தட்டை. ஒரு சிற்றேட்டின் தடிப்பு.
அமத்தினால் பாதி வழியில் சின்னத் தடக்கல்,
பள்ளிக்கூட வாசலில் பஸ் மெல்ல
மேடேறி இறங்குகிற மாதிரி.
சத்தம் இருந்தது. கதிரை வரை போகாத சத்தம்.

துவாரகன் பார்த்துக்கொண்டே நின்றான்.
"அக்கா, எல்லாரும் ஸ்பேஸை, எண்டரைத்தான் தட்டிப் பாப்பினம்.
நீங்கள் மூண்டிலயும் அந்த ஒரு கீயைத்தான் போட்டு அமத்துறியள்.
அதோட என்ன கோவம்?"

கோவமில்லைத் தம்பி.
கையில் பலமே இல்லாத விரலுக்கு
ஆரோ கூடுதல் வேலை எழுதி வைத்துவிட்டார்கள்.
உயரமான பலகையில் அது
மதிலை எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி
மணிக்கட்டையும் இழுத்துக்கொண்டு ஏறும்.
இரவில் சோறு பிசையும்போது
முழங்கை மட்டும் விறைக்கும்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"இது பரவாயில்லை" என்றேன்.

பதினெட்டு விதமாய் வெளிச்சம் போடும் என்றான்.
அணைத்துவிடச் சொன்னேன்.
தமிழ் ஒட்டி வேணுமோ என்றான்.
ஏழு வருடமாய் விசைகளைக் குனிந்து பார்த்ததில்லை.
வயர் இல்லாததில்தான் எனக்குச் சந்தேகம்,
சாட்சி பேனை தூக்குகிற நேரம் செத்துப்போனால்?
"வயரும் பெட்டிக்குள்ள கிடக்கு, குத்தினால் ஓடும்."
சரி. பழைய வயர் இரண்டு தரம்
பெருவிரல் மைத்தட்டைத் தட்டிக் கவிழ்த்திருக்கிறது.
அதில் ஒருதரம்
ஒரு கிழவரின் வெள்ளை வேட்டிமேல்.

நாற்பத்தோராயிரம் சொன்னான்.
முப்பத்தொன்பதுக்கு இறங்கி, பிறகு இறங்கவேயில்லை.
பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வைத்திருந்த ஆயிரமும் போயிற்று.
வெயிலில் நீதிமன்றப் பக்கம் நடந்தேன்,
பெட்டி கக்கத்தில்,
மீன் வாங்கினால் கூட இதைவிடப் பாரம்.

அட்டவணை:
பிரதான வீதி, மேல்மாடி, நாலடி மேசையில்
ஒரு முழம் நிலம்.
கிழக்கு தேத்தண்ணிக் கோப்பை.
மேற்கு மைத்தட்டு.
வடக்கு திரை.
தெற்கு நான்.
இவ்வெல்லைகளுக்குள் அடங்கிய எண்பத்துநாலு விசைகளும்
அவற்றைச் சார்ந்த சகல உரித்துகளும்.

முதலில் அந்த ஒழுங்கையைத்தான் திருத்தினேன்.
இடது சின்னவிரல் ங.
வலது சின்னவிரல், தடக்கல், புள்ளி.
அலுமாரிக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பிளை
கிணற்றில் பாதி தன்ர தங்கச்சிக்கு எண்டு
சொல்லிக்கொண்டிருந்தா.
நான் தட்டிக்கொண்டிருந்தேன்.
அவ நிறுத்தவில்லை.