மூன்றாவது சிலிண்டர்

இந்த வண்டிக்குத் தண்ணீர் கிடையாது.
ரேடியேட்டர் இல்லை,
கொதித்து வழிய ஏதுமில்லை.
இருந்தும் பதினான்கு மாதம்
எனக்குத் தண்ணி காட்டியது.

காஷியாஸ் மலைமேல் ஜூலைக் குளிர்.
பகலில் பேருந்துத் தொழிற்சாலை:
யாரோ ஏறப்போகும் படிகளுக்கு
வெல்டிங் வைக்கிறேன்.
இரவில் இது.
எழுபத்தொன்றாம் வருடத்து ஃபூஸ்கா,
மாட்டு வைத்தியர் ஒருவரிடம் வாங்கியது.
பின்சீட்டில் இன்னும் அயோடின் வாசம்.

விசிறிக் கூட்டைக் கழற்றியபோது
உள்ளே ஓர் எலிக் குடும்பத்தின் காலி வீடு:
பைன் ஊசி, சீட்டு நார்,
பாதி எண்ணோடு ஒரு லாட்டரிச் சீட்டு.
பரிசு விழுந்ததா, யாருக்குத் தெரியும்.

மூன்றாவது சிலிண்டர் வெந்திருந்தது.
எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில்
நகம் அளவு ஒரு பிறையைக் காணோம்.
"எப்போதும் மூன்றாவதுதான்" என்றான்
கடைசல்காரன் ஒடாசிர்.
நாலுக்கும் ஒரே விசிறி.
ஆனால் இதன் காற்றுக்குக் குறுக்கே
ஆயில் கூலர் போய் நிற்கிறது.
மற்ற மூன்றுக்கும் மலைக்காற்று.
இதற்கு மட்டும்
இன்னொருவர் இழுத்து விட்ட மூச்சு.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
ஒன்பது வருடம் அப்படி ஒரு வீட்டில் இருந்தேன்.
அது வேறு கதை.

பழையபடி ஆக்கினால் போதுமா என்று கேட்டான்.
போதாது என்றேன்.
ஆயிரத்து முந்நூறு
இரண்டாயிரத்து நூறு ஆயிற்று.
புதுக் கிராங்கின் வீச்சுக்கு இடம் விட
பழைய கூட்டின் உட்சுவரைக் கடைந்தான்,
மக்னீசியத் தூள் பற்றிக்கொள்ளும் என்று
காலடியில் மணல் வாளியோடு.
கனெக்டிங் ராடுகளை
அக்கா மகளின் கேக் தராசில் நிறுத்தேன்.
ஒன்று மூன்று கிராம் கூடுதல்.
ராவினேன்.
ஒரு கிராம்.
ராவினேன்.
சேவல் கூவியது.
கால் கிராம்.

கூலரைப் பெயர்த்துப்
பின்னால் தனிக் கூண்டில் வைத்தோம்.
தன் காற்றைத் தானே தேடிக்கொள்ளட்டும்.

இரட்டைக் கார்புரேட்டர்.
ரப்பர் குழாயைக் காதில் வைத்து
இரண்டும் ஒரே சுருதியில் சீறுகின்றனவா
என்று கேட்க வேண்டும்.
இடது பக்கம் எப்போதும் ஒரு முடி முந்தியது.

வால்வு இடைவெளியை
இஞ்சின் குளிர்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.
சூட்டில் எடுத்த அளவு எதுவும் நிற்காது.
(இதை விவாகரத்துக் கோர்ட்டில்
யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.)

குடிப்பதோ கரும்புச் சாராயம்.
குளிரில் கிளம்ப மட்டும்
ஒரு மிடறு பெட்ரோல் ஊற்ற வேண்டும்.
முதல் நாள் ஏழு முறை இருமியது.
எட்டாவதில் பிடித்துக்கொண்டது பாருங்கள்,
அலமாரித் தம்ளர்கள் நடந்தன,
மாடிக்காரி துடைப்பக்கட்டையால் தரையை இடித்தாள்,
நான் ஆக்ஸிலேட்டரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பழைய விமான ஓடுதளம்.
இருநூற்றொரு மீட்டர்.
பக்கத்துத் தடத்தில் விர்சீனியோவின்
பச்சை பிரசீலியா.
விளக்கு பச்சை ஆனது நினைவிருக்கிறது.
பிறகு முன்சக்கரங்கள் ரோட்டை மறந்தன,
ஸ்டியரிங் வெறும் அலங்காரம் ஆனது,
என் முதுகு சீட்டுக்குள் எழுதப்பட்டது.
அவ்வளவுதான்.
எட்டு நொடிக்குள் அதற்கு மேல்
என்ன நினைக்க முடியும்.

தோற்றேன். அரை வண்டி நீளம்.
விர்சீனியோ கை கொடுக்க வந்தான்.
இடது கையை நீட்டினேன்.
வலது கை இஞ்சினுக்குள் இருந்தது,
வெப்பமானியோடு:
ஒன்று, இரண்டு, நான்கு.
கடைசியில்தான் மூன்றைப் பார்த்தேன்.
மற்றவற்றைவிட இரண்டே டிகிரி.

ஒடாசிர் எட்டிப் பார்த்தான்.
"மெயின் ஜெட்டை இன்னும் பெரிதாக்கலாம்."
அடுத்த ஞாயிறு மழையாம்.
இருக்கட்டும்.
மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப்
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
டிக், டிக் என்று சுருங்குகிறது இரும்பு.
குளிரட்டும்,
வால்வு பார்க்க வேண்டும்.