ஏழரைக்குத் தண்ணீர்

தோட்டக் குழாய்க்குத் தடை என்று
கடிதம் வந்த அன்று
ஜில்லிங்ஹாமில் மழையில்லாத முப்பத்தாறாவது நாள்.
புல்லெல்லாம் ரஸ்க் நிறம்.
என் அவரைப் பந்தல் மட்டும்
பச்சையாய் நின்று பயந்துகொண்டிருந்தது.

ஷவரின் கீழே வாளி வைத்தோம்.
சுடுதண்ணீர் வரும்வரை வீணாகும் பச்சைத்தண்ணீர்
ஐந்தரை லீட்டர். அளந்தவள் நளாயினி.
அரிசி களைந்தது மிளகாய்ச் செடிக்கு,
மீன் கழுவியது ரோஜாவுக்கு,
கோப்பை கழுவியது கக்கூஸுக்கு.
அப்படியும் அவரைக்குப் போதவில்லை.
பூத்தது, பிஞ்சு பிடிக்காமல் கொட்டியது.

மேல்வீட்டில் மோரக் பெட்டிஃபர்.
மூன்று வருடமாய்ப் பேச்சில்லை.
காரணம் ஒரு குப்பைத்தொட்டி.
யார் யாருடையதில் போட்டது என்பது
இன்னும் விசாரணையில் இருக்கிறது.
ஆனால் தினமும் தொட்டி நிரப்பிக் குளிப்பவள்.
எங்கள் சுவருக்குள் அது இறங்கிப் போகும் சலசலப்பை
சோற்றில் கைவைக்கும் நேரமெல்லாம் கேட்டிருக்கிறேன்.
எண்பது லீட்டர்,
ஒரு செடியையும் பார்க்காமல் கடலுக்குப் போகிறது.

ஒரு துண்டுத்தாள் எழுதி அவள் கதவிடுக்கில் செருகினேன்:
"நீங்கள் குளித்த தண்ணீர் கிடைக்குமா?"
செருகிய பிறகுதான் உறைத்தது,
ஒரு ஆம்பிளை ஒரு பொம்பிளையிடம்
கேட்கக்கூடியதா இது என்று.
நளாயினிக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது.

இரண்டு நாள் கழித்துப் பதில்,
மின்சார பில் உறையின் பின்பக்கத்தில்:
"ஏழரைக்கு. குழாய் உங்கள் செலவு."

ஏழரை.
சனியனுக்கென்று நாங்கள் ஒதுக்கிவைத்த எண்.
எனக்கு அதில் நல்லதும் நடக்கும் என்று
எந்தச் சாத்திரியும் சொன்னதில்லை.

பச்சைக் குழாய் அவள் ஜன்னலால் இறங்கியது.
முதலில் இருமியது.
பிறகு கொஞ்சம் காற்று.
பிறகு வெதுவெதுப்பாய், பால் தெளித்த மாதிரி
வாளிக்குள் வந்தது.
இலையில் படாமல் வேரோடு ஊற்றினேன்.

தண்ணீரில் ஆளைப் படிக்கலாம் என்று தெரியாது எனக்கு.
திங்கள், லாவெண்டர்.
வியாழன், தைல வாசம். முழங்கால் நோவாக்கும்.
ஒரு சனிக்கிழமை செம்பட்டையாய் வந்தது, முடிச்சாயம்.
அன்று அவரைக்கு விடவில்லை, நடைபாதை கழுவினோம்.
பதினாறாம் தேதி வரவேயில்லை.
பதினேழும் இல்லை.
நளாயினி பருப்பு சூப் கொண்டுபோய்ப் படியில் வைத்து
மணியை அடித்துவிட்டு ஓடிவந்தாள்.
பதினெட்டு, ஏழரை,
குழாய் இருமியது.

முதல் பறிப்பில் பாதியை
அவள் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டேன்.
அதற்கும் பேச்சில்லை.

யாரோ புகார் சொல்லி
தண்ணீர்க் கம்பனியிலிருந்து ஒரு பொடியன் வந்தான்.
மஞ்சள் அங்கி, கழுத்தில் அட்டை, பெயர் டேல்.
குழாயைச் சுட்டி
ஆயிரம் பவுண் வரை அபராதம் என்றான்.
வாளியைக் காட்டினேன். நம்பவில்லை.
குனிந்தான். மோந்தான்.
மறுபடியும் மோந்தான்.
மேலே ஜன்னல் திறந்தது.
ஈரத்தலையில் துவாய், கழுத்தெல்லாம் சிவப்பு.
"அது என்னுடையது," என்றாள் மோரக்,
தொலைந்த நகைக்கு அடையாளம் சொல்பவள்போல.
"முழுக்க என்னுடையது. அவருக்கு நான் கொடுப்பது."
டேலின் காது சூடானது.
அவன் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

செப்டம்பர் கடைசியில் மழை.
மூன்று நாள், மூச்சுவிடாமல்.
தடை நீங்கியதாய் இன்னொரு கடிதம்.
பந்தலடி சேறு. இனி ஒரு சொட்டும் வேண்டாம்.
குழாயைச் சுருட்டக் குடையோடு போனேன்.
மணி பார்க்கவில்லை.

அது இருமியது.
மழைக்கு நடுவே
மழையில்லாத தண்ணீர், வெதுவெதுப்பாய்,
திங்கள் வாசத்தோடு
நிரம்பி வழியும் மண்ணில் விழத் தொடங்கியது.

குடையைச் சுருக்கினேன்.
வாளியை எடுத்துவந்து வைத்தேன்.