இரண்டு குடம் நல்ல தண்ணீர்

தடைக்காலத்தின் நான்காம் நாள்
உச்சிப்புளி காயலான் கடையில்
கடற்பாசி மூட்டைகளுக்கு அடியிலிருந்து
ஒரு எஸ்டியை வெளியே இழுத்தேன்.
இழுத்தேன் என்பது மிகை.
முன்பாதிதான் வந்தது.
பின்பாதிக்கு மறுநாளும் போகவேண்டியிருந்தது.

எடைக்குத்தான் விலை.
சீனி இபுறாம்சா தராசில் ஏற்றி
மணலுக்கென்று மூன்று கிலோ கழித்தார்.
நியாயமான மனிதர்.

நான் ஐஸ் பிளாண்டில் கம்ப்ரசர் பிட்டர்.
படகு போகாத அறுபத்தொரு நாளும்
பிளாண்டுக்குத் தூக்கம்.
எனக்கு வராது.

டேங்கைத் திறந்தேன்:
துரு, துருவுக்குள்
ஒரு நண்டின் காலி ஓடு.
எந்த வழியாக நுழைந்ததோ,
எதை நம்பி வளர்ந்ததோ.
நட்டு போல்ட்டெல்லாம் உள்ளே கொட்டி மூடி
மடியில் வைத்துக் குலுக்கினேன் ஒரு பகல் முழுக்க.
கொடியேற்றத்துக்கு ஒத்திகையா என்று கேட்டார்
பக்கத்து வீட்டு வியாகுலம்.

ஒரே பிஸ்டன், இரண்டு சைலன்சர்.
ஒரு தொண்டைக்கு இரண்டு பெருமூச்சு.
உதைக்கிற கம்பியே கியர் கம்பியாகவும் மடங்கும்;
சின்ன வீட்டில்
கட்டிலையே அலமாரியாக்கி வாழ்வதைப் போல.
பாயின்ட்டைத் தேய்த்தேன்,
காயிலை மாற்றினேன்,
மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய
பிஸ்டன் ரிங்கை
தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினேன்.

இதெல்லாம் எளிது.
இந்த ஊரில் இரும்புக்கு எதிரி
காலம் இல்லை, காற்று.
கச்சான் எழுந்தால்
ஜன்னல் கம்பியை நக்கினால் கரிக்கும்.
காலையில் பளபளத்த ரிம்
மறுநாள் முகம் மாறியிருக்கும்.
உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் உதவாது.
போர் தண்ணீரில் குளித்தால்
நமக்கே தலை சிக்கு விழும்.
வண்டிக்கு வேண்டியது நல்ல தண்ணீர்,
தள்ளுவண்டியில் வருவது,
குடம் பன்னிரண்டு ரூபாய்.

எமரென்சியா ஒன்றும் சொல்லவில்லை.
காலண்டரில் எழுதினாள்:
பால் அரை. கேஸ் வந்தது.
வண்டி, குடம் 2.
அந்த எழுத்தில் கோபம் இருக்கிறதா என்று
கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தேன்.
வெறும் கணக்குதான் இருந்தது.
அதுதான் உறுத்தியது.

ஐம்பத்து மூன்றாம் நாள் சாயங்காலம்
நாற்பது உதை.
நாற்பத்தொன்றில் அது என்னைத் திருப்பி உதைத்தது.
முழங்காலுக்குக் கீழே வீங்கிப்போய்
தரையில் உட்கார்ந்து
கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தேன்.
தையல் மிஷினை நிறுத்திவிட்டு
ஊசியோடு வந்தாள்.
வேண்டாம், ஜெட் துளை அகலமாகிவிடும் என்றேன்.
ஊசியைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள்.
உள்ளே போய்
கிழிந்த வலையிலிருந்து
ஒரு முழம் தங்கூஸ் நரம்பு உருவி வந்தாள்.
விளக்குக்கு நேரே பிடித்து
ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.
விழுந்தது
ஒரு மணல். ஒன்றே ஒன்று.

அடுத்த உதைக்குத் தெருவே புகைந்தது.
நாய்கள் குரைத்து, யோசித்து, நிறுத்தின.

பாம்பனில் டீக்கு நின்றோம்.
பழக்கதோஷத்தில்
பெட்ரோல் குழாயை மூடியிருக்கிறேன்.
பாலத்தின் நடுவில் வண்டி
விக்கி, விக்கி, நின்றது.
பிளக்கா, பாயின்ட்டா, காயிலா,
நான் ஒவ்வொன்றாய்ச் சந்தேகப்பட்டு
டூல் பையைப் பிரித்துக்கொண்டிருக்க
அவள் குனிந்து குழாயைத் திருப்பினாள்.
தினமும் கேஸ் மூடுகிற கை.
பிறகு சிரித்தாள், நிறுத்தவே முடியாமல்,
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு.
கீழே இரண்டு கடலும்
தங்களுக்குள் ஏதோ தள்ளுமுள்ளு.
காற்றில் ஏறிவந்த சாரல்
அவள் முகத்திலும் குரோமிலும்
ஒரே மாதிரி படிந்தது.

விடிந்து பார்த்தேன்.
பின்சக்கரம், மூன்றாவது ஸ்போக்கின் கழுத்தில்
கடுகளவு பழுப்பு.
வந்துட்டியா, என்றேன்.
துணியைத் தேடிப் போனேன்.