தகவலாளர்

கொழிஞ்சாம்பாறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்
தொபியாஸ். கை கழுவினாலும் வார்னிஷ் மணக்கும்.
எண்பத்து மூன்றில்
வடகரப்பதி வாசகசாலை நாடகத்துக்கு
ஒரு பாட்டு குறைகிறது என்றார்கள்.
என் மைக்செட் பில்லைத் திருப்பிப் போட்டு
டீ ஆறுவதற்குள் எழுதினான்.

‘மூணு பேஸு கரண்டு வந்தா
மோட்டாருக்குத் தூக்கமில்ல
கரும்பு வெட்டப் போனவனே
காத்திருக்கேன், தூக்கமில்ல.’

அப்போதெல்லாம் ராத்திரி பதினொன்றுக்குத்தான்
மூணு பேஸும் வரும்.
கடலைக்காட்டுக்குத் தண்ணீர் கட்ட
பெண்கள் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பார்கள்.
அதைத்தான் எழுதினான். வேறொன்றுமில்லை.

நாடகம் முதல் நாளே படுத்துவிட்டது.
பாட்டு எழுந்து நடந்துவிட்டது.
நாற்று நட வந்தவர்களோடு சித்தூர்,
செங்கல் சூளைக்காரர்களோடு நெம்மாறை,
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் காத்துக்கிடந்த
தக்காளி லாரிகளில் ஏறி
அந்தப் பக்கம் கிணத்துக்கடவு.
வழியில் எங்கேயோ
கரண்டைப் பிடுங்கி நிலாவை மாட்டிவிட்டார்கள்:

‘மூணாஞ் சாமம் நிலவு வந்தா
மூங்கிலுக்குத் தூக்கமில்ல.’

யார் மாற்றியது? கேட்டுப் பார்த்தேன்.
நெம்மாறையில்
பூட்டன் காலத்துப் பாட்டு என்றார்கள்.
என் மூத்த மகனைவிட
நாலு வயது இளையது அது.

பிறகு ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்தார், டேப்போடு.
தொபியாஸ் பாடினான்.
எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை,
யாரிடம் கேட்டது என்று கேட்டார்.
இவன் யோசித்து, ‘மோட்டார்கிட்ட’ என்றான்.
அவர் சிரித்துவிட்டு டேப்பை நிறுத்தினார்.
புத்தகம் வந்தபோது பார்த்தோம்:
இயற்றியவர் பெயர் தெரியவில்லை.
தகவலாளர் தொபியாஸ், வயது 54, மெக்கானிக்.
வயதும் தப்பு.

சித்தூர் பள்ளி மைதானத்தில் அந்த வருட விழா.
மைக்செட் என்னுடையது.
‘நம்முடெ பழய நாடன்பாட்டு’ என்று அறிவித்துவிட்டு
ரெம்யா என்ற பெண் தொடங்கினாள்.
தெரிந்தவர்கள் கூடப் பாடலாம் என்றாள்.
முன்வரிசையில் தொபியாஸ் எழுந்து நின்று
மோட்டாரு என்று பாடினான், தனியாக.
மைதானம் மூங்கில் என்றது.
அவள் இறங்கி வந்தாள்,
அவன் கையைப் பிடித்துக்கொண்டு,
‘அங்கனெயல்ல சேட்டா, மூங்கில்’ என்றாள்.
அவ்வளவு பிரியமாகத்
திருத்தப்பட்ட ஒரு மனுஷனை
நான் பார்த்ததில்லை.

எனக்குக் கொதித்தது.
மைக் கையில் இருக்கிறது,
பில் பீரோவில் இருக்கிறது,
ஒரு வார்த்தை போதும்.
அவன் ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்து
சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டான்.
‘மூங்கில் நல்லாத்தான் இருக்கு.
எனக்குத் தோணலையே.’
கொஞ்ச நேரம் கழித்து,
‘இப்பச் சொன்னா
மோட்டாரு திரும்ப வந்துடும். வேண்டாம்.’

அதற்குப் பிறகு அவனும் மூங்கில் என்றே பாடினான்.
குடித்த நாட்களில் மட்டும் மோட்டாரு.

போன ஆடியில் போய்ச் சேர்ந்தான்.
இரவு முழுக்க ஜபமாலை.
விடியப் போகும் நேரம், தூக்கம் கலைய,
கூடியிருந்த பையன்களில் ஒருவன்
அந்தப் பாட்டை எடுத்தான்.
பாதிரியார் தலையைத் திருப்பினார்,
பிறகு விட்டுவிட்டார்.
சவப்பெட்டியைச் சுற்றி எல்லோரும் மூங்கில், மூங்கில்.
எந்தக் காலத்துப் பாட்டு என்று
பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.
யாரோ கையைத் தூக்கி
அந்தக் காலம் என்று
காற்றில் காட்டினார்கள்.

அடக்கம் முடிந்து அவன் மகன் வந்தான்.
‘அப்பாவுக்கு உங்ககிட்ட
ஏதாச்சும் பாக்கி உண்டா?’

உண்டு.
பில் நம்பர் 212, ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக்,
முப்பத்தைந்து ரூபாய்.
கிழித்துக் கொடுத்தால் பாட்டும் போகும்.
இல்லை என்றேன்.