பின்னங்கால்

பெயரில் ஒரு துணைக்கால் சேர்த்தால் போதும் என்றார்
டைரக்டர் ஜெபமணி.
பெரிய படத்தின் பெயரேதான்,
நடுவில் ஒரு குறிலை நெடிலாக்கி.
வக்கீல் நோட்டீஸ் வந்தால்
எங்கள் மிருகத்துக்குக் கால் அதிகம், அது வேறு இது வேறு என்று
எழுதிக் கொடுத்துவிடலாமாம்.

உண்மைதான்.
அவர்களுடையது இரண்டு காலில் நடக்கும்.
எங்களுடையதுக்கு நாலு,
உள்ளே ரெண்டு ஆள்.

முன்னால் தேசப்பன்,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன்.
மூச்சடக்கத் தெரியும் என்று தலையை அவனுக்குக் கொடுத்தார்கள்.
வாலும் நானும் பின்னால்.
பதினோரு நாள் நான் பார்த்ததெல்லாம்
அவன் முதுகில் ஒரு தேமல்.
படத்தில் கதை இன்னா என்று யாராவது கேட்டால்
நான் அதைத்தான் சொல்ல முடியும்.

தோல், தண்டையார்பேட்டையில் லாரித் தார்ப்பாய் தைக்கும்
நவநீதம் அக்கா தைத்தது.
செதிலுக்கு, பர்மா பஜாரில் மூட்டையாக வாங்கிய
ஓடாத திருட்டு சிடி.
வெயிலில் உடம்பு முழுக்க
அடுத்தவன் படம் மின்னியது.

ஹெலிகாப்டர் விழும் இடத்தில்
ஷேர் ஆட்டோவைக் கவிழ்த்தோம்.
எத்திராஜுலு பணத்தை எண்ணிப் பையில் வைத்த பிறகே
கவிழ்ந்தான்.
பாலம் உடைய வேண்டும்.
பேசின் பிரிட்ஜ் இருந்தது, அனுமதிதான் இல்லை.
ராத்திரியில் கேமராவை ஆட்டினோம்,
பாலம் ஆடியது.

ஆறாம் நாள் எண்ணூர் சாம்பல் மேடு.
"வேற கிரகம் மாதிரியே இருக்கு,
செட்டு செலவு மிச்சம்" என்று குதித்தார் டைரக்டர்.
அந்தக் கிரகத்தில் வீடு இருந்தவர்கள்
கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அவர்களேதான் கூட்டம்.
ஆளுக்கு ஒரு பொட்டலம் பிரியாணி.
ஓடுங்கப்பா என்றால்
சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.
ஒன்பது டேக்.
"சாவு பயம் வேணும், சாவு பயம்" என்று
மைக்கில் கெஞ்சினார் ஜெபமணி.

பத்தாவதுக்கு யாரும் ஆக்‌ஷன் சொல்லவில்லை.

எந்தக் குழாயில் என்ன கசிந்ததோ.
நாற்றம் தோலுக்குள் வந்தபோது
தேசப்பன்தான் ஏதோ என்று நினைத்து
அவனைத் திட்டினேன்.
கண் எரிந்தது.
வெளியே கேட்ட கூச்சலில் சிரிப்பு இல்லை.
"இன்னாடா ஆச்சு" என்கிறேன்,
முன்னங்கால் பதில் சொல்லாமல் ஓடுகிறது.
கால் நாலும் நாலு பக்கம் இழுக்க
சாம்பலில் புரண்டு எழுந்து ஓடினோம்.
ஜிப் முதுகுப்பக்கம், வெளியே.
திறந்துவிட எவனும் நிற்கவில்லை.

கேமராக்காரப் பையன் அணைக்க மறந்து
அதோடேயே ஓடியிருக்கிறான்.

படத்தில் அது அப்படியே இருக்கிறது.
ஈர முந்தானையைக் குழந்தை மூக்கில் அழுத்தியபடி
ஒரு பெண் போவாள்.
எங்கள் மிருகம் யாரையும் துரத்தாது,
அவள் பக்கத்திலேயே ஓடும்.
உற்றுப் பார்த்தால்
ஒரு முன்னங்கால் மூக்கைப் பொத்தியிருக்கும்.

தங்கசாலைப் பக்கம் ஒரு தியேட்டரில் நாலு நாள் ஓடியது.
ஆட்டோ கவிழ்ந்ததற்கு விசில்.
பாலத்துக்கு, எழுந்து நின்று சிரித்தார்கள்.
இந்த இடத்தில் மட்டும் பாப்கார்ன் சத்தம்கூட இல்லை.
பின் சீட்டில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்:
"இதுவும் அங்கேர்ந்து சுட்டதுதாம்பா."

பாக்கிச் சம்பளத்துக்கு
மிருகத்தை எடுத்துக்கோ என்றார்
பணம் போட்ட மண்ணடி இரும்புக்கடை உதுமான் பாய்.
தேசப்பன் தலைகூட வேண்டாம் என்றுவிட்டான்.
இன்னும் இருமுகிறான்,
ஐஸ் தூசு என்கிறான்.

வியாசர்பாடியில் என் வீட்டு ஷீட்டின் மேல்
அதை விரித்துப் போட்டேன்.
செதில் மின்னுவதால் காக்கா வருவதில்லை.
அவர்கள் மிருகம் ஏதோ கம்ப்யூட்டருக்குள் கிடக்கும்,
மழைக்கு உதவாது.
எங்களுடையது இந்த ஐப்பசிக்கு மூன்றாம் வருஷம்,
நவநீதம் அக்கா தையல் ஒரு சொட்டு விடவில்லை.

கண் இருந்த ஓட்டையில் மட்டும் ஒழுகும்.
அடியில் ஒரு குண்டான் வைத்திருக்கிறோம்.